பல்சர் துடிப்புகளும் இடையே வீசும் சூரியக் காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் பல்சர்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வெடித்து மடிந்த பெரும் விண்மீன்களின் எஞ்சிய கருவாகிய நியூட்ரான் விண்மீன்கள் வினாடிக்குப் பல நூறு முறை வரை சுழல்வதையும், ஒவ்வொரு சுற்றிலும் கலங்கரை விளக்கம்போல் ஒரு ரேடியோத் துடிப்பை நம் பக்கம் வீசிச் செல்வதையும், அத்துடிப்புகளின் ஒழுங்கைக் கொண்டு வெளியையே நெளியச் செய்து பரவும் ஈர்ப்பலைகளைத் தேடுவதையும் கட்டுரையாளர் தெளிந்த தமிழில் விளக்கியிருந்தார். ஆனால் அத்துடிப்புகள் வெற்றிடத்தின் வழியாக எந்தத் தடையுமின்றி நம்மை வந்தடைகின்றன என்ற ஒரு வாக்கியம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல்சர் துடிப்புகளின் வருகை நேரங்களைக் கணிக்கும் பணியில் பல ஆண்டுகளைச் செலவிட்ட எனக்கு, எங்கள் உழைப்பில் கணிசமான பங்கை விழுங்கியது எதுவோ அதையே அந்த வாக்கியம் இல்லை என்று சொல்லிவிட்டதாகப் பட்டது. ஆகவே இந்தக் கடிதம் சற்று நீண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பல்சருக்கும் நமக்கும் இடைப்பட்ட வெளி வெறுமையானதன்று. அதன் கடைசிப் பகுதி, அதாவது சூரியக் குடும்பத்துக்குள் துடிப்பு நுழைந்த பிறகு கடக்கும் பகுதி, சூரியனிலிருந்து இடைவிடாமல் பாய்ந்துவரும் மின்னூட்டத் துகள்களால் நிரம்பியிருக்கிறது. இதைத்தான் சூரியக் காற்று என்கிறோம். காற்று என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மூச்சிழுக்கும் காற்று நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பூமி இருக்கும் தொலைவில் சூரியக் காற்றின் ஒரு கன சென்டிமீட்டரில் சராசரியாக ஐந்து முதல் பத்து எலக்ட்ரான்களே இருக்கும். நம் அறையில் உள்ள காற்றின் அதே அளவு இடத்தில் கோடி கோடிக்கணக்கான லட்சம் மூலக்கூறுகள் உள்ளன. அத்தனை மெல்லிய அந்தப் பாய்ச்சல், வினாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில், எல்லாத் திசைகளிலும், ஒரு கணமும் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. வால்மீன்களின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த்திசையிலேயே நீள்வதை வைத்து லுட்விக் பியர்மன் 1951-இல் இதை ஊகித்தார். 1958-இல் யூஜின் பார்க்கர் கணக்கின் மூலம் இதை நிறுவி எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் ஏற்க மறுத்தபோது, அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்த முடிவில் தமக்கே உடன்பாடு இல்லாவிட்டாலும் கணக்கில் பிழை காண முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அதை வெளியிட்டார். அடுத்த ஆண்டே சோவியத்தின் லூனா கலங்களும், 1962-இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரைனர் 2 கலமும் அந்தக் காற்றை நேரிலேயே அளந்துவிட்டன. ஓர் ஆசிரியரின் நேர்மை அறிவியலுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி, இந்த மெல்லிய காற்று ஒரு ரேடியோ அலையை என்ன செய்துவிட முடியும்? அலை எலக்ட்ரான்களின் ஊடே செல்லும்போது அவற்றை அசைத்துக்கொண்டே செல்ல வேண்டியிருப்பதால், துடிப்பின் வேகம் ஒளியின் வேகத்தைவிட மிகச் சிறிது குறைந்துவிடுகிறது. அலையின் அதிர்வெண் குறையக் குறைய எலக்ட்ரான்கள் அதற்குக் கூடுதலாக இசைந்து ஆடுகின்றன, தாமதமும் கூடுகிறது. அதிர்வெண் பாதியானால் தாமதம் நான்கு மடங்காகும். ஆகவே பல்சரிலிருந்து ஒரே நொடியில் புறப்பட்ட துடிப்பின் உயர் அதிர்வெண் பகுதி முன்னதாகவும், தாழ் அதிர்வெண் பகுதி பின்தங்கியும் நம்மை அடைகின்றன. முப்பட்டகம் வெள்ளொளியை வண்ணங்களாகப் பிரிப்பதற்கு உறவான நிகழ்வு இது என்பதால் தமிழில் பிரிகை என்று சொல்வது பொருந்தும். தாமதத்தின் அளவைத் தீர்மானிப்பது, பல்சரிலிருந்து தொலைநோக்கி வரையிலான பார்வைக் கோட்டின் வழிநெடுக உள்ள எலக்ட்ரான்களின் மொத்தத் தொகை. அதையே பிரிகை அளவு என்கிறோம்.

அளவுகளைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். பூமியின் தொலைவில் கன சென்டிமீட்டருக்கு 5 எலக்ட்ரான்கள் என்றும், சூரியனிடமிருந்து விலகும் தொலைவின் இருமடிக்கு ஏற்ப அடர்த்தி குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வானத்தில் சூரியனிலிருந்து 90 பாகை விலகி நிற்கும் ஒரு பல்சரின் துடிப்பு, 1400 மெகாஹெர்ட்ஸில் இந்தக் காற்றினால் சுமார் 80 நானோ வினாடி தாமதமாகிறது (ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). அதே பல்சரைச் சூரியன் 5 பாகை வரை நெருங்கிவிட்டால் பார்வைக் கோடு சூரியனுக்கு ஏறத்தாழ 1.3 கோடி கிலோமீட்டர் அருகில் கடந்துவருகிறது. அங்கே அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 650 எலக்ட்ரான்களாக உயர்ந்திருக்கும். தாமதம் 1400 மெகாஹெர்ட்ஸில் 1.8 மைக்ரோ வினாடியாகவும் (அதாவது 1800 நானோ வினாடி), 400 மெகாஹெர்ட்ஸில் 22 மைக்ரோ வினாடியாகவும், 150 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 157 மைக்ரோ வினாடியாகவும் வளர்ந்துவிடுகிறது. மிகச் சிறந்த பல்சர்களின் துடிப்பு வரும் நேரத்தை இன்று 100 நானோ வினாடி அளவுக்கோ அதைவிட நுட்பமாகவோ அளக்கிறார்கள். அந்த நுட்பத்தின் முன்னால் மேற்சொன்ன எண்கள் எவ்வளவு பெரியவை என்பதை வாசகர்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையில் நான் சேர்ந்த புதிதில் நிகழ்ந்ததைச் சொல்ல விரும்புகிறேன். சூரியனின் பாதைக்கு அருகில் உள்ள ஒரு பல்சரின் சில ஆண்டுத் தரவை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கணித்த நேரத்துக்கும் துடிப்பு உண்மையில் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாள்வாரியாகப் புள்ளிகளாக வைத்து வரைந்தால், எல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில் அவை ஒரு கிடைக்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்க வேண்டும். என் வரைபடத்திலும் ஆண்டின் பெரும்பகுதிக்கு அப்படித்தான் கிடந்தன. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சில வாரங்களுக்கு மட்டும் அவை கோட்டை விட்டு மெல்ல எழும்பி, கூம்பு போல ஓர் உச்சியைத் தொட்டு, எழுந்த வேகத்திலேயே இறங்கின. பதிவுக் கருவியின் கடிகாரத்தில் கோளாறு என்று நான் முடிவு கட்டினேன். கடிகாரப் பதிவேடுகளைப் புரட்டுவதிலும் மென்பொருளைத் திரும்பத் திரும்ப இயக்குவதிலும் மூன்று வாரங்கள் கழிந்தன. பிழை அகப்படவில்லை. கடைசியில் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழித்துவிட்டு, சுத்தமான வரைபடத்தை எடுத்துக்கொண்டு மூத்த ஆய்வாளரிடம் போனேன். அவர் நாள்களை மட்டும் பார்த்துவிட்டு, “இந்த நாள்களில் சூரியன் எங்கே இருந்தது?” என்று கேட்டார். பஞ்சாங்கக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, கூம்பின் உச்சி ஒவ்வோர் ஆண்டும் சூரியன் அந்தப் பல்சரை மிக நெருங்கிக் கடந்த நாளிலேயே அமைந்திருந்தது. நான் அழித்தது கோளாறை அன்று. சூரியக் காற்றின் அடர்த்தியை நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்த அளவீட்டையே அழித்திருந்தேன். அழித்த புள்ளிகளை மூலத் தரவிலிருந்து மீண்டும் எடுத்துச் சேர்க்க எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி பல ஆண்டுகள் என்னோடு வந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பல்சருக்கும் சூரியக் குடும்பத்துக்கும் இடைப்பட்ட விண்மீன் வெளியிலும் எலக்ட்ரான்கள் உள்ளனவே, பல நூறு அல்லது பல ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவு முழுவதும் அவை சேர்ந்து உண்டாக்கும் தாமதம் சூரியக் காற்றினுடையதைப் போலப் பல்லாயிரம் மடங்கு ஆயிற்றே, அதைச் சமாளிப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பெரிய தாமதம் என்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாகவே மாறுவது. ஒரு முறை அளந்து கழித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சூரியனோ வானத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. ஆகவே அதன் காற்றின் பங்கு ஒரு வாரத்துக்குள் இரண்டு மூன்று மடங்காகப் பெருகவும் அதே வேகத்தில் சுருங்கவும் செய்கிறது. நிலையாக நிற்கும் மலையைவிட நகரும் கல் அளவீட்டைக் கெடுக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். பூமியின் அயனி மண்டலமும் தன் பங்குக்கு ஒரு சிறு தாமதத்தைத் தருகிறது என்றாலும், சூரியனுக்கு அருகில் செல்லும் பார்வைக் கோடுகளில் அது சூரியக் காற்றின் முன் நிற்காது.

மற்றொன்றையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சூரியனின் ஈர்ப்பும் துடிப்புகளைத் தாமதப்படுத்துகிறது. சூரியனின் விளிம்பை உரசிவரும் அலைக்கு ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் சொல்லும் தாமதம் சுமார் 120 மைக்ரோ வினாடி. ஆனால் அது எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே அளவு. ஆகவே ஒரே துடிப்பை இரண்டு அதிர்வெண்களில் அளந்து ஒப்பிட்டால், ஈர்ப்பின் பங்கு இரண்டிலும் சமமாக நிற்க, எலக்ட்ரான்களின் பங்கு மட்டும் வேறுபாடாக வெளிப்படும். இயற்கை இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு வழியைத் தானே வைத்திருப்பதை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.

சூரியனின் ஆண்டுப் பாதையை ஒட்டியுள்ள பல்சர்களில்தான் இந்த விளைவு உச்சத்தைத் தொடுகிறது. ரிஷப ராசியில் உள்ள நண்டு நெபுலாவின் பல்சரை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாத நடுவில் சூரியன் ஒன்றேகால் பாகை அளவு நெருங்கிக் கடக்கிறது. அதாவது பார்வைக் கோடு சூரியனின் ஐந்து ஆர அளவு தொலைவில், கொரோனா எனப்படும் அதன் வெளி வளிமண்டலத்துக்குள்ளேயே புகுந்து வருகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 60 முறை சுழலும் ஜே1022+1001 என்ற பல்சர் சூரியப் பாதையின் மேலேயே இருப்பதால், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சூரிய வட்டின் பின்னால் முழுவதுமாக மறைந்தே வெளிவருகிறது. ஜே0030+0451-க்கு மார்ச் மாத இறுதியில் இந்த நெருக்கம் நேர்கிறது. இதனால் மற்றப் பல்சர்கள் தப்பிவிட்டன என்று எண்ண வேண்டாம். சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் உள்ள பல்சரின் துடிப்பும் பூமியை அடையும் முன் சூரியக் காற்றின் ஊடே வந்தாக வேண்டும். அதன் தாமதம் சிறிதாகும், ஒருபோதும் சுழியாவதில்லை. பூமியே அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது.

இத்தாமதத்தைக் கழிக்க நெடுங்காலம் பின்பற்றப்பட்ட முறை, பூமியின் தொலைவில் அடர்த்தி இவ்வளவு என்று ஒரு மாறா எண்ணை எடுத்துக்கொண்டு, சூரியனைச் சுற்றி எல்லாத் திசையிலும் காற்று சமமாக வீசுவதாகக் கொண்டு கணக்கிடுவது. நேரக் கணிப்புக்கான பழைய மென்பொருள் ஒன்று இந்த எண்ணை ஏறத்தாழ 10 என்று வைத்திருந்தது. பின்னால் வந்த மற்றொன்று 4 என்று வைத்தது. வட அமெரிக்கக் குழுவான நானோகிராவ் தன் 11 ஆண்டுத் தரவிலிருந்து 2019-இல் கண்டறிந்த சராசரி 7.9. எண் மாறினால் என்ன நேரும் என்பதை முன்சொன்ன கணக்கிலேயே பார்க்கலாம். சூரியனிலிருந்து 10 பாகையில் உள்ள பல்சருக்கு 5-க்குப் பதிலாக 8 என்று எடுத்துக்கொண்டால், 1400 மெகாஹெர்ட்ஸிலேயே கணக்கு அரை மைக்ரோ வினாடி மாறிவிடுகிறது. அளவீட்டின் நுட்பத்தைப் போல ஐந்து மடங்குப் பிழை, ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்ததில் மட்டுமே புகுந்துவிடுகிறது.

சூரியனோ ஒரே எண்ணுக்குள் அடங்குவதன்று. அதன் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஏறி இறங்குகிறது. அமைதிக் காலத்தில் துருவங்களை ஒட்டிய கொரோனாத் துளைகளிலிருந்து வேகமான, அடர்த்தி குறைந்த காற்றும், நடுப்பகுதியிலிருந்து மெதுவான, அடர்ந்த காற்றும் வீசுகின்றன. செயல்பாடு உச்சத்துக்கு வரும்போது இந்த ஒழுங்கு குலைந்து இரண்டும் கலந்துவிடுகின்றன. 1990-இல் ஏவப்பட்டுச் சூரியனின் துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவந்த யுலிசிஸ் கலம் இந்த வேறுபாட்டை நேரில் அளந்து காட்டியது. இதைக் கருத்தில் கொண்டு, பார்வைக் கோட்டின் எந்தப் பகுதி எந்தக் காற்றுக்குள் செல்கிறது என்று சூரியனின் காந்தப்புல வரைபடத்தைக் கொண்டு பிரித்துக் கணக்கிடும் இருவகைக் காற்று மாதிரி 2007-இல் முன்வைக்கப்பட்டது. பின்னர் நெதர்லாந்தை மையமாகக் கொண்டு ஐரோப்பா முழுவதும் பரவியுள்ள லோஃபார் தொலைநோக்கி, 110 முதல் 190 மெகாஹெர்ட்ஸ் வரையான தாழ் அதிர்வெண்களில் எடுத்த நுட்பமான அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, அந்த மாதிரியும் பழைய சமச்சீர் மாதிரியும் இன்றைய தேவைக்குப் போதவில்லை என்பது தெரியவந்தது. காற்றின் அளவை ஆண்டுக்காண்டு, இயன்றால் அதனினும் குறுகிய கால அளவில், தரவிலிருந்தே கண்டறிந்து கழிக்க வேண்டும் என்பதை நோக்கியே துறை இன்று நகர்ந்திருக்கிறது. இது சரியான திசை என்பது என் உறுதியான கருத்து.

கழிக்காமல் விட்டால் பாதிக்கப்படுவது நேரம் மட்டுமன்று. பல்சரின் தொலைவைக் கண்டறியும் வழிகளில் ஒன்று, பூமி சூரியனைச் சுற்றிவரும்போது அலைமுகத்தின் வளைவினால் வருகை நேரத்தில் ஏற்படும் அரையாண்டு ஏற்ற இறக்கத்தை அளப்பது. அது மைக்ரோ வினாடி அளவிலான, மிக மெல்லிய மாற்றம். சூரியப் பாதைக்கு அருகில் உள்ள பல்சருக்கு, ஆண்டுதோறும் எழும் சூரியக் காற்றின் கூம்பு இந்த ஏற்ற இறக்கத்தோடு கலந்துவிடுவதால், காற்றைத் தவறாக மதிப்பிட்டவர் பல்சரின் தொலைவையும் தவறாகவே மதிப்பிடுவார். தொலைவு தவறினால், அதிலிருந்து பெறப்படும் வேகமும் ஒளிர்வும் தவறும்.

தங்கள் கட்டுரையின் மையப் பொருளான ஈர்ப்பலைத் தேடலுக்கு இப்போது வருகிறேன். 2023 ஜூன் மாத இறுதியில் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சீனா ஆகிய இடங்களின் குழுக்களும், ஐரோப்பியக் குழுவோடு இணைந்து இந்தியப் பல்சர் குழுவும், மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஈர்ப்பலைகளின் பின்னணி இருப்பதற்கான சான்றுகளை வெளியிட்டன. நானோகிராவ் மட்டும் 67 பல்சர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்திருந்தது. தேடப்படும் தடயம் நானோ வினாடிகளில் அளக்கத்தக்கது. அதுவும் ஒரே ஒரு பல்சரில் கண்டால் போதாது. வானத்தில் இரண்டு பல்சர்களுக்கு இடைப்பட்ட கோணத்தைப் பொறுத்து அவற்றின் நேர மாறுபாடுகள் குறிப்பிட்ட முறையில் ஒத்துப்போக வேண்டும் என்பதை 1983-இல் ஹெலிங்ஸ், டவுன்ஸ் இருவரும் கணித்துக் காட்டினார்கள். சூரியக் காற்றும் தனித்தனிப் பல்சர்களை மட்டும் தொடுவதன்று. வானத்தில் அடுத்தடுத்துள்ள பல்சர்களை ஒரே பருவத்தில் ஒரே போக்கில் பாதிப்பது. அதாவது அதுவும் ஒருவகை ஒத்துப்போதலை உண்டாக்கக் கூடியது. அதன் வடிவம் ஈர்ப்பலையின் வடிவம் அன்று என்பதால் கவனமான ஆய்வில் இரண்டையும் பிரிக்க முடியும். ஆனால் அந்தக் கவனம் தானாக வந்துவிடுவதில்லை. “தடையின்றி வந்தடைகின்றன” என்று எழுதும்போது இந்த உழைப்பு முழுவதும் வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். சூரியக் காற்றைக் கணிப்பால் ஊகிக்காமல் பல்சரைப் பார்க்கும் அதே வேளையில் அளக்க வேண்டும், அதற்குத் தாழ் அதிர்வெண் அளவீடு இன்றியமையாதது. துல்லியமான நேரக் கணிப்புக்கு 1400 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போதும், அங்கே பிளாஸ்மாவின், அதாவது மின்னூட்டத் துகள் திரளின், தொல்லை குறைவு என்று வாதிடுவோர் உண்டு. தொல்லை குறைவு என்பது சரிதான். ஆனால் குறைவாக இருப்பதாலேயே அங்கே அதை அளக்கவும் முடிவதில்லை. அளக்க முடியாத பிழை, கண்ணில் படாமல் முடிவுக்குள் தங்கிவிடுகிறது. 400 மெகாஹெர்ட்ஸில் அதே தாமதம் 12 மடங்கு பெரிதாகத் தெரிகிறது. அங்கே அளந்து, 1400-க்குக் கணக்கிட்டுக் கழிப்பதே நேர்வழி. புணே அருகே உள்ள, மேம்படுத்தப்பட்ட ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்களைப் பிரித்து, 300 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 1260 முதல் 1460 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் ஒரே நேரத்தில் ஒரே பல்சரைப் பார்க்கும் இந்தியக் குழுவின் முறை இதற்கு மிகவும் ஏற்றது. அக்குழு 14 பல்சர்களின் மூன்றரை ஆண்டுத் தரவை 2022-இல் வெளியிட்டபோது, உலகின் மற்றக் குழுக்களுக்கு அது வெகுவாகப் பயன்பட்டதற்கு இந்தத் தாழ் அதிர்வெண்ணே காரணம். ஒரே நேரத்தில் என்பதற்கு அழுத்தம் கொடுக்கிறேன். ஓர் அதிர்வெண்ணை இன்றும் மற்றொன்றை அடுத்த வாரமும் அளந்தால், இடையில் சூரியன் ஏழு பாகை நகர்ந்திருக்கும்.

தாழ் அதிர்வெண் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சூரியனை மிகவும் நெருங்கிவிட்டால் காற்றின் கொந்தளிப்பு அலைகளைச் சிதறடித்துத் துடிப்பின் வடிவத்தையே மழுங்கச் செய்கிறது. அதோடு சூரியனே ஒரு வலிமையான ரேடியோ மூலம் என்பதால், தொலைநோக்கி நேரடியாக அதைப் பார்க்காவிட்டாலும் பக்கவாட்டில் நுழையும் அதன் இரைச்சல் பல்சரின் மெல்லிய குரலை மூழ்கடிக்கிறது. இதனால்தான் சூரியனுக்குச் சில பாகைகளுக்குள் எடுத்த தரவைப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஈர்ப்பலைக் கணக்கிலிருந்து அவற்றை ஒதுக்குவது நியாயமாக இருக்கலாம். ஆனால் அந்த நாள்களில் பார்க்காமலே விட்டுவிடுவதும், பார்த்த தரவைச் சேமிக்காமல் விடுவதும் தவறு என்பேன். காற்றின் அடர்த்தி எவ்வாறு ஏறுகிறது என்பதை அந்த நாள்களே சொல்கின்றன.

பல்சர் ஆய்வுக்கும் சூரியக் காற்றுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கட்டுரையாளர் பல்சர் கண்டுபிடிப்பை ஒரே வரியில் கடந்துவிட்டதால் இதை நினைவூட்டுகிறேன். சூரியக் காற்றின் ஏற்றத்தாழ்வுகளால், அளவில் மிகச் சிறிய ரேடியோ மூலங்கள் விண்மீன்கள் சிமிட்டுவதுபோல் மினுமினுக்கின்றன என்பதை ஆன்டனி ஹியூவிஷும் அவரது குழுவினரும் 1964-இல் அறிவித்தார்கள். அந்த மினுமினுப்பைக் கொண்டு மிகத் தொலைவில் ஒளிரும் குவாசர்களைத் தேடுவதற்காகவே 81.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும், 2048 இருமுனை ஆன்டெனாக்கள் கொண்ட தொலைநோக்கி கேம்பிரிட்ஜில் அமைக்கப்பட்டது. அதன் பேனா ஒரு நாளைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் தாளில் கிறுக்கித் தள்ளியதை ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி கண்ணாலேயே அங்குலம் அங்குலமாகப் படித்தார். 1967 ஆகஸ்டில் அவர் கண்ணில் பட்ட ஒரு சிறு கிறுக்கல், தாளில் அரை சென்டிமீட்டர் அளவு இடத்தைத்தான் அடைத்திருந்தது. அது ஏன் கவனத்தை ஈர்த்தது என்பதுதான் இங்கே முக்கியம். சூரியக் காற்றினால் எழும் மினுமினுப்பு, மூலம் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது வலுத்தும் எதிர்த்திசையில் இருக்கும்போது மங்கியும் இருக்க வேண்டும். இந்தக் கிறுக்கலோ சூரியனுக்கு எதிர்த்திசையிலிருந்து, இரவு நேரத்தில் வந்தது. சூரியக் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்று அறிந்திருந்ததால்தான், இது சூரியக் காற்றின் வேலையாக இருக்க வாய்ப்பு குறைவு என்று ஐயுற முடிந்தது. நவம்பர் இறுதியில் வேகமாக ஓடும் தாளில் பதிவுசெய்தபோது 1.337 வினாடிக்கு ஒரு முறை வரும் துடிப்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. சூரியக் காற்றைப் பயன்படுத்தக் கட்டிய கருவியில்தான் முதல் பல்சர் பிடிபட்டது.

உறவு மறுதிசையிலும் பயன் தருகிறது. பல்சர் ஆய்வாளருக்குத் தொல்லை தரும் அதே தாமதம், சூரியனை ஆராய்பவருக்கு அளவுகோல் ஆகிறது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்1 புள்ளியில் நிற்கும் இந்தியாவின் ஆதித்யா எல்1 போன்ற கலங்கள், தாங்கள் நிற்கும் அந்த ஒரே இடத்தில் காற்றை அளக்கின்றன. அங்கிருந்து பூமிக்கு அந்தக் காற்று வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும். பல்சரின் பார்வைக் கோடோ சூரியனுக்கு அருகிலிருந்து பூமி வரை காற்றை ஒரு நீண்ட ஊசிபோல் குத்திச் செல்கிறது. கலங்கள் எளிதில் நெருங்க முடியாத கொரோனாவின் அடர்த்தியை நண்டு நெபுலாவின் பல்சரைக் கொண்டு 1970-களிலேயே அளந்தார்கள். அலை அதிரும் தளம் காந்தப்புலத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பார்த்து, ஜே1022+1001-இன் துணையோடு கொரோனாவின் காந்தப்புலத்தையும் கணித்திருக்கிறார்கள். சூரியன் பெரும் பிளாஸ்மாத் திரள்களை உமிழும்போது, அத்திரள் பார்வைக் கோட்டைக் கடந்தால் பிரிகை அளவு திடீரென்று உயர்ந்து அடங்கும். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் உதகை ரேடியோ தொலைநோக்கி, கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்துக் கொடுத்த நாள் முதலாக ரேடியோ மூலங்களின் மினுமினுப்பின் வழியாக இந்தக் காற்றையும் இத்தகைய திரள்களையும் தொடர்ந்துவருகிறது. மினுமினுப்பு காற்றின் வேகத்தையும் கொந்தளிப்பையும் சொல்லும், பல்சர் அதன் மொத்த அடர்த்தியைச் சொல்லும். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் பணிக்கு இன்னும் பல மடங்கு ஆள்களும் தொலைநோக்கி நேரமும் தேவை.

சூரியன் தன் 25-ஆம் சுழற்சியின் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இறங்குமுகத்திலும் அதன் காற்று ஆண்டுக்காண்டு குணம் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது சேர்க்கப்படும் பல்சர் தரவில் அந்த மாற்றம் முழுவதும் பதிவாகும். ஆகவே ஈர்ப்பலைக் குழுக்கள் அடுத்தடுத்து வெளியிடப்போகும் முடிவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, எத்தனை பல்சர்கள், எத்தனை ஆண்டுகள் என்பதோடு, சூரியக் காற்றை எந்த முறையில் கழித்தார்கள் என்பதையும் கட்டுரையாளர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு வாசகர்கள் தயாராகவே இருக்கிறார்கள். “வெற்றிடத்தின் வழியாக எந்தத் தடையுமின்றி” என்ற தொடருக்கு மட்டும் ஒரு சிறு திருத்தத்தை, அறிவியல் பக்கத்தின் அடுத்த இதழில், அந்தக் கட்டுரை வெளியான அதே இடத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அறிவியல் பக்கத்தின் நெடுநாள் வாசகர்,
பல்சர் நேரக் கணிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஆய்வாளர்